ஜூனிப்பர் மரமும் ஸ்ரௌவ்வில் அறையும்

மகன்,

இதை உனக்குப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் நீ "சரி அம்மா, பிறகு கதைப்பம்" என்று வைத்துவிடுவாய். நேரில் சொன்னால் உன் முகத்தைப் பார்த்து நானே பாதியில் இறங்கி வந்துவிடுவேன். எத்தனையோ பேருடன் முகத்துக்கு நேரே பேரம் பேசியிருக்கிறேன். உன்னுடன் மட்டும் அது எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதை எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் விலையைச் சொல்லும் வியாபாரியை எனக்குப் பிடிக்காது. ஸ்ரௌவ்வில்லில் நீ வாங்கியிருக்கும் வீட்டில் எனக்கென்று நீ கட்டப்போகிற அறைக்கு நான் வரமாட்டேன். மாத முடிவில் கொன்றாக்டர் வந்து சுவர் உடைக்கத் தொடங்குகிறார் என்று மருமகள் சஹானா சொன்னாள். அதற்கு முன் அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. ஏன் என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளும். சாப்பிட்டுவிட்டு இருந்து வாசி.

இதை நம் ஆட்களின் பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன். கோபிக்காதே, உன் பெயர் போடவில்லை. என் வயதில் இருக்கும் பல பேர் தங்கள் பிள்ளைகளிடம் சொல்ல முடியாமல் வைத்திருக்கும் கதை இது. யாராவது ஒருவர் இதை வெட்டித் தன் மகனின் மேசையில் வைத்தால் எனக்குப் போதும்.

போன ஞாயிறு நீங்கள் இருவரும் என்னை வீடு காட்டக் கூட்டிக்கொண்டு போனீர்கள். நல்ல வீடு. நான் பலகை அறுத்து விற்கிற மரக்காரி, உள்ளே போனவுடன் தரைப்பலகையைத்தான் பார்த்தேன், படிக் கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. குசினி யன்னலால் நல்ல வெளிச்சம் வருகிறது. பிள்ளை பிறந்தால் தவழ்ந்து திரிய இடம் கிடக்கிறது. பிறகு சஹானா அந்த நிறைமாத வயிற்றோடு என் கையைப் பிடித்து முன்பக்கச் சாப்பாட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சுவரில் நீல ரேப் நாடா ஒட்டி நீ ஒரு கதவுக்கு அளவு போட்டிருந்தாய்.

"மாமி, இந்த ரூம் உங்களுக்குத்தான். சப்ரைஸ்," என்றாள்.

"ஏன் பிள்ளை கதவு உவ்வளவு அகலம்? உள்ளுக்கை யானை கட்டப் போறியளோ?"

நீ யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினாய். பாவம், அவள்தான் அகப்பட்டுக்கொண்டாள். "அது பியூச்சருக்கு மாமி. வீல்செயார் எண்டு ஏதும் வந்தால்... ஐ மீன், இப்ப இல்லை."

"இப்ப இல்லை எண்டது பெரிய ஆறுதல். நான் காரிலை இருந்து நடந்துதான் வந்தனான், கண்டனீயோ?"

அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது காருக்குள் வைத்துத்தான் வாய் திறந்தாய். "மரக்காலை யார்டை ஆருக்காவது லீஸுக்குக் குடுப்பம் அம்மா. நீங்கள் பட்டது காணும்." அந்த அறையின் ஒரு சுவருக்கு ஜூனிப்பர் பலகை அடிக்கப்போகிறாய் என்றும், என் மரக்காலைக்கு வந்து நல்ல சிவப்பாகப் பார்த்து ஏற்கெனவே ஒதுக்கி வைத்துவிட்டாய் என்றும் சொன்னாய். "உங்களுக்கு அந்த மணம் பிடிக்குந்தானே." நான் "வடிவாயிருக்கு ராசா" என்று மட்டும் சொன்னேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். வாங்க வந்தவர் "வடிவாயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனால் அவர் வாங்கவில்லை என்றுதான் அர்த்தம். இத்தனை வருடம் மரக்காலையில் வளர்ந்தும் அது உனக்கு விளங்காமல் போனதுதான் ஆச்சரியம்.

பலகையைத் தெரிந்தவன் நீ. ஆகவே அந்த மரத்தை வைத்தே உனக்கு மறுமொழி சொல்லுகிறேன்.

பத்திரிகையில் வாசிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் ஊரை விட்டு இங்கே ரொறன்ரோவுக்கு வந்து பார்க்டேலில் ஒரு அப்பார்ட்மென்றில் இன்னொரு குடும்பத்துடன் சேர்ந்து இருந்தோம். ரெக்ஸ்டேலில் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. கழித்து எறியும் துண்டுப் பலகைகளைக் கேட்டு வாங்கி வந்து பல்கனியில் வைத்துப் பூச்சாடிப் பெட்டி அடித்து விற்றேன். அதிலிருந்து வேலிப்பலகை, அதிலிருந்து ஸ்காபரோவில் சொந்த மரக்காலை. நகரத்துக்கு வெளியே மார்க்கம், ஸ்ரௌவ்வில் பக்கங்களில் நம் சனம் வீடு வாங்கத் தொடங்கியபோது எல்லோருக்கும் பின்வளவில் கத்தரியும் மிளகாயும் பயிற்றையும் நட வேண்டும். பாத்தியைச் சுற்றி அடிக்கப் பலகை கேட்டு வருவார்கள். மருந்து ஏற்றிய பைன் பலகை கொடுத்தால், "அக்கா, உந்த மருந்து கத்தரிக்காய்க்குள்ளை வந்திடாதோ?" என்று கேட்பார்கள். சீடர் மரப் பலகை கொடுத்தால் சில வருடத்தில் மண் தொட்ட பக்கம் உக்கிப்போச்சு என்று திரும்பி வருவார்கள். மருந்தும் போடாமல் உக்கவும் உக்காமல் ஒரு மரம் இருக்கிறதா என்று தேடித்தான் ஜூனிப்பருக்கு வந்து சேர்ந்தேன். நம் வீடுகளின் முன்வாசலில் காலில் குத்துகிற, நாம் குடிபுகுந்த கையோடு பிடுங்கி எறிகிற பச்சைப் புதர் இருக்கிறதல்லவா, அதன் பெரிய உறவுக்காரன். பாலைவன மலைகளில் நிற்பது.

எந்த மரத்தையும் அது நிற்கிற இடத்தைப் பார்க்காமல் நான் வாங்கியதில்லை. உன் அப்பா அதற்கு என்னைப் பகிடி பண்ணுவார், "பொம்பிளை பாக்கப் போறா" என்று. நீ படிப்பு முடித்த வருடம் அது. அப்பா மரக்காலையைப் பார்த்துக்கொள்ள, நீயும் நானும் அமெரிக்காவில் ஒறிகனுக்குப் பறந்து, அங்கே கார் எடுத்துக் கிழக்கே ஓடினோம். பச்சை எல்லாம் முடிந்து, சாம்பல் நிறச் செடிகளும் தூசியுமாக ஒரு மேட்டுப் பாலைவனம் வந்தது. காலையில் பல் கிட்டும் குளிர், மத்தியானம் தலை வெடிக்கும் வெயில். அந்த மலையின் சொந்தக்காரர், மாடு வளர்க்கிற கிழவர், தொப்பியைக் கழற்றிவிட்டு நேரே உன்னிடம் வந்து விலை கதைக்கத் தொடங்கினார். நீ என்னைக் காட்டி, "முதலாளி அவ. நான் ட்ரைவர் மட்டும்," என்று சொன்னாய். அவர் என்னைப் பார்த்து ஒருமுறை கண்ணைச் சுருக்கினார். பிறகு அன்று முழுக்க உன் பக்கம் திரும்பவே இல்லை. அன்று எனக்கு உன்னை நினைத்து வந்த பெருமையை நான் உனக்குச் சொன்னதில்லை. இப்போது சொல்லுகிறேன்.

முதலில் ஓடைக்கரைக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நின்ற ஜூனிப்பர்கள் வடிவானவை. நேராக, உயரமாக, நல்ல பச்சையாக நின்றன. நீ என் காதுக்குள், "இதைத்தான் வாங்க வேணும் அம்மா. அறுக்கச் சுகம், வளைவும் இல்லை," என்றாய். எனக்கும் அதுதான் எண்ணம். கிழவர் நேர்மையான மனிதர். தன் லொறிக்குப் பின்னாலிருந்து வெட்டிய கட்டைகள் இரண்டை எடுத்து முன்னால் போட்டார். ஓடைக்கரைக் கட்டையில் வெளியே சுற்றிவரத் தடித்த வெள்ளை, நடுவில் கொஞ்சம் சிவப்பு. மலைமேட்டுக் கட்டை ஒடுங்கலாக, கோணலாக, கணுக் கணுவாக இருந்தது. ஆனால் பட்டை வரைக்கும் சிவப்பு. அந்தச் சிவப்புத்தான் வைரம். அதில்தான் எண்ணெய், அதில்தான் மணம், அதற்குத்தான் கறையான் கிட்ட வராது, மண்ணுக்குள் கிடந்தாலும் உக்காது. வெள்ளை வெறும் வெளிறு. ஜூனிப்பர் என்று பெயர் இருந்தாலும் மண்ணில் புதைத்தால் மற்ற மரத்தைப் போலவே உக்கும். தண்ணீர் கிடைத்த மரம் கெதியாக வளர்ந்து வெளிறு போடுகிறது. தண்ணீர் கிடைக்காத மரம் வருடத்துக்கு ஒரு மயிரிழை வளர்ந்து அத்தனையையும் வைரமாக்குகிறது. அப்படித்தான் அவர் சொன்னார், கட்டைகளும் அதைத்தான் காட்டின. நான் மேட்டு மரத்தை வாங்கினேன். அது வந்து என் அறுவை வாள்களை என்ன பாடுபடுத்தியது என்று உனக்குத் தெரியும். பட்டைக்குள் காற்று அடித்துச் சேர்த்த மணல். ஒரு மரம் அறுத்து முடியமுன் வாள் மொட்டை. அப்பா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

அன்று கட்டைகளைப் பார்த்த பிறகு மேட்டுக்கு ஏறினோம். அங்கே பாறை வெடிப்புக்குள் ஒரு மரம் நின்றது, நினைவிருக்கிறதா? ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஆனால் நீயும் நானும் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கை எட்டாத அடிமரம். பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது. முக்கால்வாசி பட்டை இல்லாமல் வெறும் சாம்பல் எலும்பு. ஒரு பக்கம் மட்டும் உள்ளங்கை அகலத்தில் பட்டை மேலே ஏறிப்போய், நுனியில் ஒரு குடுமி பச்சை. செத்த மரம் என்று நான் நினைத்தேன். கிழவர் சிரித்தார். மழை இல்லாத வருடங்களில் இந்த மரம் தன்னுடைய ஒரு கிளைக்குத் தண்ணீரை நிறுத்திவிடுமாம். அந்தக் கிளை சாகும், மற்றவை பிழைக்கும். இன்னொரு வறட்சி வந்தால் இன்னொரு கிளை. நீ கேட்டாய், எந்தக் கிளையை விடுவது என்று யார் முடிவெடுப்பது என்று. படிப்பு முடித்த பொறியியலாளன் கேட்கிற கேள்வி. கிழவர் அடிமரத்தைத் தட்டி, "மரந்தான்" என்றார். அவ்வளவுதான் அவருடைய விளக்கம். பிறகு விலைக்கு வந்துவிட்டார், அதில் என்னோடு கடைசிவரை மல்லுக்கட்டினார்.

இதை ஏன் சொல்லுகிறேன் என்று உனக்கு இப்போதே விளங்கியிருக்கும். நானும் கிளைகளை விட்டுக்கொண்டுதான் வருகிறேன், மகன். லொறி ஓட்டுவதை நானே நிறுத்தினேன். தளபாடம் அடித்துக் கொடுப்பதை விட்டேன். மேல் தட்டில் ஏறிப் பலகை இழுப்பதைப் போன வருடம் விட்டேன். ஒவ்வொன்றையும் விடும்போது எனக்கு நோகத்தான் செய்தது, ஆனால் எதை எப்போது விடுவது என்று நான்தான் தெரிவு செய்தேன். நீ கொண்டுவருகிற அறை எல்லாக் கிளையையும் ஒரே நாளில் தறிக்கிறது. மரக்காலையும் போகும், என் அப்பார்ட்மென்ற் வாசலில் வந்து நிற்கிற பஸ்ஸும் போகும், நினைத்த நேரம் நடந்து போய் மீன் வாங்கி வருகிற கடையும் போகும். அந்த அறை நல்ல அறைதான், கேட்ட உடனேயே எனக்கு அது தெரியும். ஆனாலும் தறிப்பது தறிப்பதுதான்.

ஒறிகனிலிருந்து திரும்பி வந்த அந்த இலைதுளிர் காலத்தில் நான் ஒரு பிழை விட்டேன். பிழை என்று சொல்லலாமோ தெரியாது, ஆசை. இங்கே ஒரு நாற்றுமேடையில் அந்த மரத்தின் மலைச் சாதி ஒன்று, முழ உயரக் கன்று, விற்பனைக்கு நின்றது. வாங்கி வந்து சாடியில் வைத்து மரக்காலைப் பின்வாசலில் வைத்தேன். கோடை முழுக்க நல்லாய் நின்றது, ஏனென்றால் அதை எல்லோரும் மறந்துவிட்டோம். குளிர் தொடங்கியபோது அப்பா அதைக் கண்டுவிட்டார். கறிவேப்பிலையை வின்ரருக்கு வீட்டுக்குள் எடுக்கும் சடங்கு உனக்குத் தெரியுமே. ரொறன்ரோவில் நம் சனத்தில் பாதிப்பேர் பிள்ளையைத் தூக்குவது மாதிரித் தூக்கிக்கொண்டு வந்து ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்து, இலை ஒன்று உதிர்ந்தாலும் போன் எடுத்துத் துக்கம் விசாரிப்பார்கள். அப்பா கறிவேப்பிலையைத் தூக்கின கையோடு ஜூனிப்பரையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"இஞ்சேருங்கோ, உது குளிர்மலையிலை நிக்கிற மரம். உதை ஏன் உள்ளுக்கை கொண்டு வாறியள்?"

"மலையிலை நிண்டது தேப்பன். இது குழந்தை."

"தண்ணி விடாதேங்கோ அப்ப."

"நாக்கு நனையத்தான் விடுறன்."

நாக்கு நனைய விட்டது காலையும் மாலையும். தான் முகம் கழுவமுன்னம் அவற்றுக்கு ஊற்றுவார். ஒரு மரத்தின் மேல் நம் ஆட்கள் காட்டத் தெரிந்த அன்பு அது ஒன்றுதான், தண்ணீர். வின்ரர் முழுக்க அது பச்சையாகவே நின்றது. வருகிற ஆட்களுக்கெல்லாம் அப்பா காட்டினார். "பாருங்கோ, பாலைவன மரம். என்ரை கையிலை எப்பிடி நிக்குது." நீயும் ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் படம் எடுத்தாய். வெயில் வந்து வெளியே வைத்த பிறகு, ஒருநாள் நான் சும்மா கை வைத்தேன். முள்ளிலை எல்லாம் பொலபொலவென்று என் கைக்குள் கொட்டியது. சாடியைக் கவிழ்த்துப் பார்த்தோம். வேர் கறுத்து அழுகி மணத்தது. அது எப்போதோ செத்துவிட்டது. அந்தச் சாதி மரம் செத்த பிறகும் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும் என்பது எங்களுக்கு அன்றுவரை தெரியாது. நாங்கள் ஆட்களுக்குக் காட்டினதும், நீ படம் எடுத்ததும் செத்த மரத்தை. அப்பா அந்தக் கறுத்த வேரைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் வடிவாத்தானே பாத்தனான்," என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவரைப்போல ஒரு மரத்தை யாரும் பார்த்திருக்க முடியாது.

ராணி அன்ரியை உனக்குத் தெரியும். எங்கள் கட்டிடத்தில் மேல்மாடியில் இருந்தவ. சட்டை தைத்துக் கொடுத்து, கோயில் திருவிழா என்றால் முதல் ஆளாய் நின்று, எல்லோர் வீட்டுச் சண்டைக்கும் நடுவில் போய்த் தீர்ப்புச் சொல்லுகிற ஆள். மூன்று வருடமாக மகனோடு ஸ்ரௌவ்வில்லில் இருக்கிறா. மகன் தங்கமான பிள்ளை, மருமகளும் அப்படித்தான். தையல் மெஷினுக்கென்று ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். நான் போன் எடுத்தால் குரல் நல்லாய்த்தான் இருக்கும்.

"என்ன ராணி செய்யிறாய்?"

"இருக்கிறன். ரோட்டைப் பாத்துக்கொண்டு இருக்கிறன். கராஜ் கதவு திறக்கும், கார் உள்ளுக்கை போகும், கதவு மூடும். மனிசரைக் காணேலாது."

"தைக்கிறேல்லையே?"

"ஆருக்கு? உதிலை நடந்து வந்து அளவு குடுக்க ஆர் இருக்கினம்?"

"மகனிட்டைச் சொல்லன்."

 ராணி சொன்னா: "என்னெண்டு சொல்லுறது? ஒரு குறையும் இல்லை. அதுதான் சொல்லேலாமல் கிடக்கு."

அவவின் மகனும் உன்னைப்போல விருந்தாளிகளுக்குப் பெருமையாகச் சொல்லுகிறான், அம்மா எங்களோடுதான் இருக்கிறா, நல்ல சந்தோசம் என்று. போன முறை நான் அவவைப் பார்த்தபோது நல்ல நிறமாக, தலைக்கு மை அடித்து, வடிவாய்த்தான் இருந்தா. நான் அவவின் கையைத் தொட்டுப் பார்க்கப் பயந்தேன்.

உன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. போன வின்ரர் நான் மரக்காலை வாசலில் ஐஸில் வழுக்கி விழுந்தேன். உனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன். நீ கத்தினாய். கத்தினது சரி. நான் எழும்ப முடியாமல் கிடந்த அந்த நேரம், இனி இப்படி இருக்க ஏலாது என்று நானும்தான் நினைத்தேன். எனக்கு வயது ஏறுகிறது என்பதை நீ வந்து சொல்லத் தேவையில்லை, முழங்கால் ஒவ்வொரு காலையும் சொல்லுகிறது. இன்னும் எத்தனையோ வருடம் இப்படியே ஓடித் திரிவேன் என்று நான் சொல்லவில்லை. ஒருநாள் நான் உன்னிடம் வரத்தான் வேண்டும். அது எந்த நாள் என்பதுதான் எங்கள் இருவருக்கும் இடையிலுள்ள வழக்கு.

இனிச் சொல்லப்போவதை நான் இதுவரை உன்னிடம் கதைத்ததில்லை. அந்த அறையை நீ எனக்காகத்தான் கட்டுகிறாய் என்று நினைக்கிறாய். அப்பா போன நாளுக்காகக் கட்டுகிறாய் என்று நான் நினைக்கிறேன். நீ அன்று வேலை விசயமாக ஒட்டாவாவில் நின்றாய். கொட்டுகிற ஸ்நோவுக்குள் பாய்ந்து வந்தாய். வழியில் கார் சுழன்று எதிர்ப்பக்கம் பார்த்து நின்றதைச் சஹானா பிறகு ஒருநாள் எனக்குச் சொன்னாள், நீ சொல்லவில்லை. அன்றிலிருந்து, யாரும் பக்கத்தில் இல்லாதபடியால்தான் அப்பா போனார் என்று உன் மனதில் ஒன்று இருக்கிறது. என்னை ஆறுதல்படுத்த வந்தவர்களுக்கு நீ சொன்ன மறுமொழியில் அது இருந்தது, நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நீ செத்தவீட்டு வேலைகளில் ஓடித்திரிந்தாய், நானும் நடந்ததை யாருக்கும் விளக்கமாகச் சொல்லும் நிலையில் இருக்கவில்லை. ஆகவே கேள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அப்பா குசினி மேசையில் இருந்தார். நான் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன், முதுகு மட்டும் அவர் பக்கம். லொறி இன்னும் வரவில்லை என்று அவரிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பதில் வரவில்லை. "காது கேக்கேல்லையே?" என்று ஏசிக்கொண்டு திரும்பினேன். கோப்பை என் கையில் இருந்தது. இரண்டு எட்டுத் தூரம், மகன். அதைவிடக் கிட்ட ஒரு மனிசரோடு இருக்க முடியாது. ஸ்ரௌவ்வில் அறை உன் அறையிலிருந்து அதைவிடத் தூரம். நான் இருந்தும் தடுக்க முடியாததை, நீ வந்திருந்தாலும் தடுத்திருக்க முடியாது. அதற்காக ஒரு சுவரை உடைக்காதே.

இனி வியாபாரம். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போகிற ஆள் நான் இல்லை. நீ கேட்டதில் இவ்வளவை நான் தருகிறேன். ஐஸ் காலத்தில் மரக்காலைக்கு வெளிச்சம் வந்த பிறகுதான் போவேன், உப்புப் போட ஒரு ஆளைப் பிடிப்பேன். கழுத்தில் தொங்கவிட்டு, விழுந்தால் உதவிக்கு அழுத்துகிற அந்தப் பட்டனை, நான் மாட்டுமணி என்று பகிடி பண்ணினேனே, அதைக் கட்டிக்கொள்ளுகிறேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் என் கதவைத் திறக்க ஒரு திறப்புக் கொடுத்தாகிவிட்டது. குழந்தை பிறந்தவுடன் முதல் மாதம் முழுக்க உங்கள் வீட்டில் வந்து நிற்பேன். சஹானாவுக்குப் பத்தியச் சரக்குக் காய்ச்சிக் கொடுக்க அவளின் தாயும் நானும் முறை வைத்துக்கொள்ளுவோம், அதில் நீ தலையிடாதே. அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நீ என்னை ஏற்றிக்கொண்டு போ, ஞாயிறு பின்னேரம் கொண்டுவந்து விடு. அதற்கு ஒரு கட்டில் போதும். சாப்பாட்டறை சாப்பாட்டறையாகவே இருக்கட்டும், ஆட்கள் வந்து இருந்து சாப்பிடட்டும். நீ ஒதுக்கி வைத்த பலகைகளைப் பார்த்தேன். நல்லாய்த்தான் தெரிவு செய்திருக்கிறாய், ஒன்றில்கூட வெளிறு இல்லை. அவற்றைக் குழந்தையின் உடுப்பு அலுமாரிக்கு உள்பலகையாக அடித்துத் தருகிறேன். பூச்சி அண்டாது, மணமும் நிற்கும்.

மரக்காலையை எப்போது விடுவது என்பதை நான் உனக்குச் சொல்லுவேன். என்னிடம் இருந்து அந்தச் சொல் வரும் வரைக்கும் நீ கேட்காதே. வந்தால், ஏன் என்றும் கேட்காதே, காரை எடுத்துக்கொண்டு வா. அதுவரைக்கும் நீ ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போகும் வழியில் எனக்குப் போன் எடு. பெரிதாக ஒன்றும் கதைக்க வேண்டாம். நான் "ஓம் ராசா" என்று எடுப்பேன், நீ வைக்கலாம். உனக்கு வேண்டியது அதுதான் என்று எனக்குத் தெரியும், எனக்கும் அது வேண்டும்.

ஒருநாள் காலையில் நான் எடுக்காமல் விடுவேன். அது குளித்துக்கொண்டிருந்ததாலும் இருக்கலாம், மற்றதாகவும் இருக்கலாம். நீ அடித்துப் பிடித்துக்கொண்டு வருவாய் என்று தெரிந்துதான் இப்போதே எழுதி வைக்கிறேன். எதுவாக இருந்தாலும், நீ பாய்ந்து வருவதால் அது மாறப்போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் திறப்பு இருக்கிறது, முதலில் அவளுக்குப் போன் எடு. பிறகு பிள்ளைக்குக் குளிர் உடுப்புப் போட்டு, சீட்டில் வைத்துப் பெல்ற்றைக் கட்டி, மெதுவாக ஓட்டிக்கொண்டு வா.

அம்மா